அமெரிக்கச் செய்தியை அதன் வரலாற்றோடு சேர்த்து வாசிப்பது எப்படி?

பிள்ளைகளை அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டு அந்நாட்டுச் செய்திகளைக் கவலையோடு கவனிக்கும் குடும்பங்கள் மதுரையில் பல உண்டு. அங்கு நடப்பவற்றையெல்லாம் அதிபர் ஒருவரின் குணமாகவே பார்த்தால் பாதிதான் விளங்கும். எந்தச் சர்ச்சையானாலும், அதன் அடியில் உள்ள சட்டத்தையும் அது பிறந்த ஆண்டையும் முதலில் தேடுங்கள்.

அமெரிக்க மண்ணில் பிறந்தாலே கிடைக்கும் பிறப்புவழிக் குடியுரிமையைக் கட்டுப்படுத்த 2025 ஜனவரியில் டிரம்ப் ஆணையிட்டபோது, எச்-1பி எனப்படும் தற்காலிக வேலை விசாவில் உள்ள பெற்றோர் பலர் கலங்கினர். அவ்வுரிமை அரசியல் சாசனத்தின் 14ஆவது திருத்தத்தில் இருக்கிறது. கறுப்பின மக்கள் குடிமக்களாக முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1857இல் டிரெட் ஸ்காட் வழக்கில் கூறியதை, உள்நாட்டுப் போர் முடிந்தபின் 1868இல் அத்திருத்தம் மாற்றியது.

அடுத்து, அச்சட்டத்தை உரசிப் பார்த்த வழக்குகளைத் தேடுங்கள். சீனர்களைத் தடுக்கும் சட்டம் 1882இலேயே வந்துவிட்ட சூழலில், சான் பிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்த வாங் கிம் ஆர்க், வெளிநாடு போய்த் திரும்பியபோது நாட்டுக்குள் அனுமதிக்கப்படவில்லை. அவர் குடிமகனே என்று 1898இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் அங்கே பிறக்காமல் இந்தியாவிலிருந்து குடியேறிய பகத் சிங் திந்துக்கு, அவர் வெள்ளையர் அல்லர் என்று கூறி 1923இல் அதே நீதிமன்றம் குடியுரிமையை மறுத்தது. பிறந்த நாட்டைப் பார்த்துக் குடியேற்ற இடங்களை ஒதுக்கீடு செய்யும் முறையை 1965ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம்தான் ஒழித்தது. கறுப்பின மக்கள் போராடிப் பெற்ற 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டத்தை அடுத்து, அதே காலச் சூழலில் வந்தது அது. அங்கே வசதியாக வாழும் நம்மவர் பலர் இதை எளிதாக மறந்துவிடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

பண்பாட்டுச் சண்டைகளுக்கும் இதே வழிதான். கோயில் கல்வெட்டில் காலத்தைத் தேடுவதுபோல, சிலை நிறுவப்பட்ட ஆண்டைப் பாருங்கள். உள்நாட்டுப் போரில் அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன தென்மாநிலங்களின் படைத்தளபதி ராபர்ட் லீ இறந்தது 1870இல். வர்ஜீனியா மாநிலத்தின் சார்லட்ஸ்வில் நகரில் அவருக்குச் சிலை எழுந்தது 1924இல். நிறவெறிச் சட்டங்கள் கோலோச்சிய அக்காலத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான், அது 2021இல் அகற்றப்பட்டதன் காரணம் புரியும்.

கட்சிப் பெயர்களை நம்பிவிட வேண்டாம். லிங்கனின் குடியரசுக் கட்சி அடிமை முறை பரவுவதை எதிர்த்தது. தென்மாநில வெள்ளையர் நெடுங்காலம் ஜனநாயகக் கட்சியின் பக்கமே நின்று, 1960களுக்குப் பிறகு மெல்லக் கட்சி மாறினர். 1939இல் மீனாட்சியம்மன் கோயிலில் நடந்த ஆலயப் பிரவேசத்தோடு இவற்றை ஒப்பிடத் தோன்றும். ஒப்பிடலாம், ஆனால் சாதியும் நிறமும் ஒன்றென்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

நூல்களுக்குப் புதுநத்தம் சாலையில் உள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்தை நாடலாம். மூல ஆவணங்களை அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகம் இணையத்தில் இலவசமாகவே தருகிறது. 14ஆவது திருத்தத்தின் முதல் பிரிவு ஒரு பத்திதான், அதிலிருந்தே தொடங்குங்கள்.