பணம் வருகிறது, வேலை போய்விட்டது: அமெரிக்காவில் நீண்ட மருத்துவ விடுப்பில் செய்யும் தவறுகள்

முதுகுத்தண்டில் ஆபரேஷன், கீமோ என்று ஏதாவது வந்ததும் அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "சம்பளம் வருமா?" வேலை இருக்குமா என்ற கேள்வி எழுவது எச்.ஆர். மெயில் வந்த பிறகுதான். மேனேஜரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், கடிதங்களைப் பத்திரமாக வையுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை. அவற்றை விட்டுவிடலாம்.

காப்பீட்டுக் கடிதத்தை வேலைக்கான உத்தரவாதமாக நினைப்பது

எத்தனை முறை சொன்னாலும் தீராத குழப்பம் இது. ஷார்ட் டெர்ம் டிஸெபிலிட்டி என்பது வெறும் காப்பீடு. சம்பளத்தில் ஒரு பங்கை, பல திட்டங்களில் 60 சதவீதத்தை, 13 அல்லது 26 வாரம் தரும். அத்தோடு சரி. வேலையைக் காப்பது 1993-ல் வந்த எஃப்.எம்.எல்.ஏ. என்ற குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டம். அது தருவது 12 மாதத்துக்குள் 12 வாரம். அதில் சம்பளம் கிடையாது, ஆனால் திரும்பி வரும்போது அதே வேலையையோ அதற்கு இணையான வேலையையோ தர வேண்டும். மருத்துவக் காப்பீடும் அதுவரை தொடர வேண்டும்.

இரண்டையும் பெரும்பாலும் ஒரே வெளி நிறுவனம்தான் கவனிக்கிறது. ஒரே இணையதளம், ஒரே லெட்டர்ஹெட், இரண்டு க்ளெய்ம் எண்கள். குழப்பம் பிறப்பது அங்கேதான்.

தேதி போட்டுப் பார்த்தால் புரியும். 2026 ஜனவரி 5, திங்கள்கிழமை ஒருவர் விடுப்பில் போகிறார். ஜூலை 5 வரை, அதாவது 26 வாரத்துக்கு, காப்பீடு ஒப்புதல் ஆகியிருக்கிறது. "ஜூலை வரைக்கும் லீவு அப்ரூவ் ஆகிவிட்டது" என்று வீட்டில் சொல்லிவிட்டு நிம்மதியாகப் படுக்கிறார். எஃப்.எம்.எல்.ஏ. முடிவது மார்ச் 29. மார்ச் 30 முதல் 14 வாரம் வங்கிக் கணக்கில் பணம் விழும், வேலைக்கு எஃப்.எம்.எல்.ஏ. காவல் இருக்காது. அந்த இடைவெளியில் வேலையை விட்டு எடுத்தாலும் பல பாலிசிகளில் காப்பீட்டுப் பணம் தொடர்ந்து வரும். பணம் வருவதால் எதுவும் நடக்கவில்லை என்றே அவர் நினைத்துக்கொண்டிருப்பார்.

எச்-1பி விசாவில் இருப்பவருக்கு இது இன்னும் மோசம். விடுப்பில் இருக்கும்வரை, வேலை உறவு நீடிப்பதால், விசா நிலைக்குச் சிக்கல் இல்லை. வேலை முடிந்த நாளில் இருந்து அதிகபட்சம் 60 நாள் அவகாசம் ஓடத் தொடங்கிவிடும். ஐ-94, அதாவது நாட்டில் எந்தத் தேதிவரை தங்கலாம் என்று சொல்லும் பதிவு, அதற்கு முன்பே முடிந்தால் அந்த அவகாசமும் குறையும். காப்பீட்டுப் பணம் வருவதால் அந்த 60 நாள் நீளாது. கலிஃபோர்னியாவில் எஸ்.டி.ஐ. என்ற மாநில டிஸெபிலிட்டி காப்பீடு 52 வாரம்வரை பணம் தரும். அதுவும் வேலையைக் காக்காது.

"இப்போது டிஸெபிலிட்டியை எடுத்துக்கொள்கிறேன், எஃப்.எம்.எல்.ஏ.வைப் பிறகு வைத்துக்கொள்கிறேன்" என்பவர்களும் உண்டு. தகுதியான காரணம் என்று தெரிந்தபின் நிறுவனம் அதைத் தள்ளிப்போட முடியாது என்று 2019-லேயே தொழிலாளர் துறை சொல்லிவிட்டது. இரண்டு கடிகாரமும் சேர்ந்தேதான் ஓடும்.

என்ன செய்ய வேண்டும்? உங்கள் விடுப்பை எஃப்.எம்.எல்.ஏ.வில் கழிக்கிறோம் என்று நிறுவனம் எழுதித் தரும் டெசிக்னேஷன் நோட்டீஸை முதல் வாரத்திலேயே கேட்டு வாங்குங்கள். எத்தனை மணி நேரம் கழிகிறது, எஃப்.எம்.எல்.ஏ. எந்தத் தேதியில் முடிகிறது என்று எழுத்தில் இருக்கட்டும். எட்டாவது வாரத்தில் டாக்டரிடம் ஒரே கேள்வி: அரை நாள் வேலை செய்ய முடியுமா? வாரம் 40 மணி நேரம் வேலை செய்பவருக்கு 12 வாரம் என்பது 480 மணி நேரம். 8 வாரம் முழு விடுப்பில் 320 போய்விடும். மீதி 160-ஐ வாரம் 20 மணி நேரமாகக் கழித்தால் இன்னும் 8 வாரம் கிடைக்கும். மார்ச் 29-ல் முடிய வேண்டிய காவல் ஏப்ரல் 26 வரை நீளும். அரை நேர வேலை மருத்துவக் காரணத்தால் தேவை என்று டாக்டர் எழுதித் தர வேண்டும்.

அதுவும் போதாதென்றால் ஏ.டி.ஏ. என்ற மாற்றுத்திறனாளிகள் சட்டம் இருக்கிறது. 15 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்களுக்கு அது பொருந்தும். உடல்நிலை அந்தச் சட்டம் சொல்லும் குறைபாட்டு வரையறைக்குள் வந்தால் கூடுதல் விடுப்பைக்கூடக் கேட்கலாம். 12 வாரம் முடிவதற்கு முன்பே, திரும்பும் தேதியோடு கேளுங்கள். "எப்போது சரியாகும் என்று சொல்ல முடியாது" என்ற டாக்டர் கடிதம் உங்களுக்கு எதிராகத்தான் பேசும். தேதி சொன்னாலும் மாதக்கணக்கில் கேட்டால் ஆபத்து. முதுகுவலிக்காக 12 வாரத்தையும் தீர்த்துவிட்டு, கடைசி நாளில் ஆபரேஷனுக்குப் போய், இன்னும் இரண்டு மூன்று மாதம் கேட்டார் விஸ்கான்சின் தொழிலாளி ஒருவர். வேலை போனது. செவர்சன் வழக்கு என்று பேர் பெற்ற அதில் 2017-ல் ஏழாவது சர்க்யூட் என்ற மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. இல்லினாய், இண்டியானா, விஸ்கான்சின் மூன்றும் அந்த நீதிமன்றத்தின் கீழ்தான் வருகின்றன. சிகாகோ பக்கம் இருப்பவர்கள் அரை நாள் வழியை முதலில் பாருங்கள்.

தகுதி இருக்கிறது என்று தானாக முடிவு செய்வது

எஃப்.எம்.எல்.ஏ.வுக்குத் தகுதி இவை: அந்த நிறுவனத்தில் 12 மாதம் வேலை, முந்தைய 12 மாதத்தில் 1,250 மணி நேரம் உண்மையாக உழைத்திருப்பது (பி.டி.ஓ., அதாவது சம்பளத்தோடு விடுப்பு எடுத்த நாள், கணக்கில் வராது), 75 மைல் சுற்றளவில் நிறுவனத்துக்கு 50 ஊழியர்கள். மூன்றும் வேண்டும்.

35 பேர் உள்ள கன்சல்டன்சியா? எஃப்.எம்.எல்.ஏ. பெரும்பாலும் இல்லை. கலிஃபோர்னியா என்றால் 5 பேரே போதும், மாநிலச் சட்டம் காக்கும்.

படிவத்தில் "அன்நோன்"

மருத்துவச் சான்றுக்கு குறைந்தது 15 நாள் தருவார்கள். குறை இருந்தால் எழுத்தில் சொல்லி, திருத்த 7 நாள் தர வேண்டும். அவசரத்தில் டாக்டர் அலுவலகம் கால அளவு கேட்ட இடத்தில் "தெரியாது" என்று நிரப்பிவிடும், படிவம் திரும்பி வருவது அதனால்தான். "மாதத்துக்கு 2 முறை, ஒவ்வொரு முறையும் 1 நாள்" என்பதுபோல எண் வேண்டும். அனுப்புவதற்கு முன் நீங்களே ஒருமுறை படியுங்கள்.

போன வருட விடுப்பை மறப்பது

பல நிறுவனங்கள் எஃப்.எம்.எல்.ஏ.வின் 12 மாதத்தை, விடுப்பு எடுக்கும் நாளில் இருந்து பின்னோக்கி எண்ணுகின்றன. சென்ற ஆகஸ்டில் எடுத்த 4 வாரம் இந்த ஜனவரியில் கழியும்.

ஆள்குறைப்பு

எஃப்.எம்.எல்.ஏ. தடுக்காது. வேலையில் இருந்திருந்தாலும் போயிருக்கும் இடம் என்று நிறுவனம் காட்டினால் போதும்.

திரும்பும் நாளில் வெறுங்கையோடு போவது

வேலைக்குத் தகுதி என்ற டாக்டர் சான்று தேவை என்று டெசிக்னேஷன் நோட்டீஸில் இருந்தால், அது இல்லாமல் உங்களை உள்ளே விடாமல் நிறுத்திவைக்க நிறுவனத்துக்கு உரிமை உண்டு. 12 வாரம் முடிந்த திங்கள்கிழமை காலை டாக்டர் அலுவலகத்துக்கு போன் போட்டால் அடுத்த வியாழன்தான் நேரம் கிடைக்கும். கடைசி செக்கப்பிலேயே கேட்டு வாங்கி வையுங்கள்.