ஸ்கூபா சான்றிதழுக்கான இணையவழிப் பாடத்தைப் படிப்பது எப்படி?

ஸ்கூபா டைவிங், அதாவது சிலிண்டரிலுள்ள காற்றைச் சுவாசித்தபடி நீரில் மூழ்குதல், பயில விரும்புவோர் பெரும்பாலும் முதலில் பெறுவது 'ஓப்பன் வாட்டர் டைவர்' என்னும் சான்றிதழ். உடன் ஒரு துணையோடு 18 மீட்டர் ஆழம் வரை மூழ்க அது தகுதி தருகிறது. இதற்கான பயிற்சியில் கோட்பாட்டுப் பாடம், நீச்சல் குளப் பயிற்சி, கடலிலோ ஏரியிலோ மூழ்கும் பயிற்சி என மூன்று பகுதிகள் உண்டு. இவற்றுள் கோட்பாட்டை மட்டுமே இணையத்தில் படித்து முடிக்க முடியும். அதை வெறும் சடங்காக எண்ணிப் பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போகிறவர்கள் குளத்தில் தடுமாறுவார்கள் என்பதால், பொறுமையாகப் படிக்கும் முறை ஒன்றை இங்கே விளக்குகிறேன்.

படி 1: பயிற்சி மையத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

1966இல் தொடங்கப்பட்ட 'பாடி' (PADI), 1970இல் தொடங்கப்பட்ட 'எஸ்எஸ்ஐ' (SSI) போன்ற, சான்றிதழ் வழங்கும் அமைப்புகள் ஒவ்வொன்றும் தனக்கென ஓர் இணையப் பாடத்தை வைத்திருக்கின்றன. உங்களுக்கு நேரில் கற்றுத்தரப்போகும் மையம் எந்த அமைப்பைச் சார்ந்ததோ, அந்தப் பாடத்தையே படிப்பதுதான் சிக்கலற்ற வழி. மையத்தின் கட்டணத்தில் இணையப் பாடமும் அடங்குமா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். 'பாடி' அமைப்பின் பயிற்சியில் 10 வயது முதல் சேரலாம். 15 வயது நிறையாதவர்களுக்கு 'ஜூனியர்' சான்றிதழ் வழங்கப்படும்.

படி 2: மருத்துவ வினாத்தாளை நிரப்புங்கள்

பலர் இதைக் கடைசி நாளுக்குத் தள்ளிப்போடுகிறார்கள், அது தவறு. ஆஸ்துமா, இதய நோய், வலிப்பு, காது அறுவைச் சிகிச்சை, நுரையீரல் பாதிப்பு ஆகியவை பற்றிய கேள்விகளுக்கு 'ஆம்' என்று விடையளிக்க நேர்ந்தால், நீரில் இறங்குவதற்கு முன் மருத்துவர் உங்களைப் பரிசோதித்துக் கையொப்பமிட வேண்டியிருக்கும். அதற்கான நாள்களை ஒதுக்கிக்கொள்ளுங்கள். எக்காரணம் கொண்டும் உண்மையை மறைத்து 'இல்லை' என்று எழுதாதீர்கள். ஆழத்தில் உங்களுக்கு ஏதேனும் நேர்ந்தால், உங்களைக் காப்பாற்ற முயலும் துணைவரின் உயிரும் சேர்ந்தே ஆபத்துக்குள்ளாகும்.

படி 3: ஒரு நாளைக்கு ஒரு பகுதி

பாடத்தைக் கைபேசியிலோ டேப்லெட்டிலோ பதிவிறக்கிக்கொண்டால் இணைய இணைப்பு இல்லாதபோதும் படிக்கலாம். நாள் ஒன்றுக்கு ஒரு பகுதி என்று வரையறுத்துக்கொண்டு, புரியாத இடங்களை ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். கைச் சைகைகளைக் கண்ணாடி முன் நின்று செய்து பழகுவது நல்லது. நிலத்தில் 'நன்று' என்ற பொருளில் கட்டைவிரலை உயர்த்துகிறோம். நீருக்கடியில் அதே சைகைக்கு 'மேலே செல்வோம்' என்பது பொருள். 'நலமாக இருக்கிறேன்' என்று சொல்லக் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் வளையமாகச் சேர்த்துக் காட்ட வேண்டும். இந்த ஒரு குழப்பத்தாலேயே புதியவர்கள் தேவையின்றி மூழ்குதலைப் பாதியில் முடித்துக்கொள்வதுண்டு.

படி 4: அழுத்தக் கணக்கைக் கையால் எழுதிப் பாருங்கள்

பாடம் முழுவதிலும் மிக முக்கியமானது இதுவே என்பது என் உறுதியான கருத்து. அழுத்தத்தை அளக்கும் அலகு 'பார்'. கடல் மட்டத்தில் நம்மீதுள்ள அழுத்தம் 1 பார். நீரில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஏறக்குறைய 1 பார் கூடுகிறது. எனவே 10 மீட்டரில் 2 பார், 20 மீட்டரில் 3 பார், 30 மீட்டரில் 4 பார். குறிப்பேட்டில் ஆழம், அழுத்தம், காற்றின் கன அளவு என மூன்று பத்திகள் வரைந்து இவற்றை நிரப்புங்கள். அழுத்தம் இரு மடங்கானால் கன அளவு பாதியாகும். மும்மடங்கானால் மூன்றில் ஒரு பங்காகும்.

இனி இந்த அட்டவணையைக் கொண்டு மூன்று கேள்விகளுக்கு விடை காணுங்கள். நீர்மட்டத்தில் 60 நிமிடம் சுவாசிக்கப் போதுமான சிலிண்டர் 20 மீட்டரில் எவ்வளவு நேரம் வரும்? ஒவ்வொரு மூச்சிலும் மும்மடங்கு காற்று செலவாவதால் ஏறத்தாழ 20 நிமிடம். இறங்கும்போது காது ஏன் வலிக்கிறது? நடுச்செவியிலுள்ள காற்று சுருங்கி, செவிப்பறை உள்நோக்கி அழுத்தப்படுகிறது. மூக்கைப் பிடித்துக்கொண்டு மென்மையாக ஊதினால் அழுத்தம் சமனாகும். இதை வலி தொடங்குவதற்கு முன்பே, இறங்க இறங்கத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். 10 மீட்டரில் நுரையீரல் நிறையக் காற்றை இழுத்து, மூச்சை அடக்கியபடி மேலே வந்தால் என்ன ஆகும்? அந்தக் காற்று இரு மடங்காக விரிய முயன்று நுரையீரலைக் கிழித்துவிடும். மூச்சை ஒருபோதும் அடக்கக் கூடாது என்ற விதி பாடத்தில் அடிக்கடி வருவதன் காரணம் இதுதான். அட்டவணையை மீண்டும் பார்த்தால், காற்று மிக அதிகமாக விரிவது கடைசி 10 மீட்டரில் என்பது தெரியும். ஆழமற்ற குளத்திலும் இவ்விதி ஏன் தளர்த்தப்படுவதில்லை என்பதும் அப்போது விளங்கும்.

நைட்ரஜன் உடலில் கரைவது பற்றிய பகுதியையும் இந்த அட்டவணையை அருகில் வைத்துக்கொண்டே படியுங்கள். மெதுவாக மேலேறுவதும், 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் நிற்பதும், மூழ்கிய உடனே விமானத்தில் ஏறாமல் இருப்பதும், கரைந்த வாயு குமிழிகளாக மாறாமல் உடலைவிட்டு வெளியேற அவகாசம் தருவதற்காகவே.

படி 5: தேர்வு

ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் சிறு வினாக்களும், இறுதியில் ஒரு தேர்வும் இருக்கும். 'பாடி' தேர்வில் தேர்ச்சிக்கு 75 விழுக்காடு வேண்டும். தவறிய வினாக்களைக் குறித்துவைத்து, அவற்றைப் பயிற்றுநரிடம் கேட்டுத் தெளிவடையுங்கள்.

படி 6: குளத்துக்குச் செல்லும் நாள்

பாடத்தை முடித்ததற்கான பதிவு, மருத்துவப் படிவம், உங்கள் குறிப்பேடு ஆகிய மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள். 200 மீட்டர் நீந்தவும் 10 நிமிடம் மிதக்கவும் சொல்வார்கள். நீச்சலுக்குக் கால வரம்பு கிடையாது. ஆகவே இணையப் பாடம் நடக்கும் வாரங்களிலேயே நிதானமாக நீந்திப் பழகிவாருங்கள். அன்று சளியோ மூக்கடைப்போ இருந்தால் காது அழுத்தத்தைச் சமன்செய்ய முடியாது என்பதால், பயிற்றுநரிடம் சொல்லி வேறு நாள் கேளுங்கள்.