யிர்காசெஃபே காபி வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃபில்டருக்குப் பீபெரியும் பிளான்டேஷன் ஏ-யும் சரிபாதி அரைத்து வாங்கிப் பழகிய வீடுகளில் இப்போது எத்தியோப்பியக் கொட்டையும் எட்டிப் பார்க்கிறது. பாக்கெட்டின் மேல் யிர்காசெஃபே என்று ஊர்ப் பெயர், கீழே சிங்கிள் ஆரிஜின் (ஒரே இடத்துக் கொட்டை), ஓரத்தில் ஃபேர்டிரேட் (விவசாயிக்கு நியாய விலை என்று சொல்லும்) முத்திரை, பல சமயம் கை நிறையச் சிவந்த பழத்தோடு சிரிக்கும் ஒரு விவசாயியின் படம். வழக்கமான காபித்தூளைவிட விலை பல மடங்கு. இவ்வளவு கொடுத்து வாங்குபவர்கள் பலரும் அந்தப் பாக்கெட்டைத் தப்பாகவே படிக்கிறார்கள்.

தப்பு அந்தப் படத்திலேயே தொடங்கிவிடுகிறது. ஒரே தோட்டம், ஒரே விவசாயி, அவருடைய கொட்டை என்று நினைத்துக்கொள்கிறோம். யிர்காசெஃபே இருப்பது தெற்கு எத்தியோப்பியாவின் கெடியோ பகுதியில், கடல் மட்டத்துக்கு 1,700 மீட்டருக்கும் மேலே. அங்கே ஒரு குடும்பத்துக்கு ஒரு ஹெக்டேர் நிலம் இருந்தாலே பெரிது. வீட்டைச் சுற்றி வாழை போலவே தோன்றும் என்செட் (அதன் தண்டையும் கிழங்கையும் புளிக்கவைத்து ரொட்டி சுடுவார்கள்), அதற்கு நடுவே காபிச் செடி, எல்லாவற்றுக்கும் மேலே நிழல் மரங்கள். இந்த வேளாண்மைக்காகவே கெடியோ நிலப்பரப்பை யுனெஸ்கோ 2023-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

பறித்த பழத்தை அன்றைக்கே தோல் உரிக்க வேண்டும். நாள் தப்பினால் கண்டபடி புளித்துச் சுவை கெட்டுவிடும். அதனால் சாயங்காலத்துக்குள் பழத்தைத் தலையிலோ கழுதையிலோ ஏற்றிப் பக்கத்துக் கழுவும் நிலையத்துக்குக் கொண்டுபோகிறார்கள். நம்மூர்ப் பால் சொசைட்டி மாதிரிதான்: எடை போட்டுக் கணக்கில் எழுதிக்கொள்வார்கள், அதற்கப்புறம் யார் வீட்டுப் பழம் எது என்று பிரிக்க முடியாது. தோல் உரித்த கொட்டை வழுவழுப்புப் போக ஒன்றரை, இரண்டு நாள் தொட்டியில் நொதிக்கும். பிறகு வாய்க்காலில் தண்ணீர் விட்டுக் கழுவுவார்கள். கனமான கொட்டை அடியில் தங்கும், பொக்கு மிதந்து போய்விடும். அதன் பின் இடுப்பளவு உயரத்தில் வலை விரித்த மேசைகளில் இரண்டு வாரம் போலக் காய்கிறது. வெயில் உச்சிக்கு ஏறினால் துணி போட்டு மூடுவார்கள். மேசையைச் சுற்றி நிற்பவர்களில் பெரும்பாலும் பெண்கள். உடைந்ததையும் பூச்சி துளைத்ததையும் விரலால் பொறுக்கி எறிந்துகொண்டே இருப்பார்கள். உங்கள் கோப்பைச் சுவையில் பாதி இந்த மேசையில்தான் தீர்மானமாகிறது என்பேன்.

ஆகவே பாக்கெட்டில் விவசாயியின் படத்தைத் தேடாதீர்கள், நிலையத்தின் பெயரையோ கூட்டுறவுச் சங்கத்தின் பெயரையோ தேடுங்கள். கொங்கா, அரிச்சா, இடிடோ என்று ஏதாவது ஓர் இடம் போட்டிருந்தால் கொஞ்சம் நம்பலாம். வெறுமனே யிர்காசெஃபே என்று மட்டும் இருந்தால் அது ஒரு வட்டாரத்துச் சரக்கு, அவ்வளவுதான். 2008-இல் தொடங்கிய எத்தியோப்பியச் சரக்குச் சந்தையில் பெரும்பாலான காபி வட்டாரமும் தரமும் பார்த்து ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. எந்த நிலையத்திலிருந்து வந்தது என்ற தடயம் அங்கேயே அழிந்துபோனது. கூட்டுறவு ஒன்றியங்கள் நேரடியாக ஏற்றுமதி செய்யலாம் என்று விலக்கு இருந்தது. 2017-இல் விதிகளைத் தளர்த்திய பிறகு நிலையத்தின் பெயரோடு விற்பது எளிதாகிவிட்டது. எனவே ‘எத்தியோப்பியாவில் அதெல்லாம் கண்டுபிடிக்க முடியாது சார்’ என்று கடைக்காரர் சொன்னால், அது பழைய பதில்.

பீபெரி என்பதை ஆரிஜின் என்று எடுத்துக்கொள்வதும் நம்மவர்களிடம் சகஜம். பழத்துக்குள் இரண்டு கொட்டைக்குப் பதில் ஒன்றே உருண்டையாக விளைந்தால் அது பீபெரி. எந்த ஊர்ச் செடியிலும் வரும். பிளான்டேஷன் ஏ, கிரேடு 1 எல்லாம் தரம் பிரித்த பெயர்கள்.

இனி காசு விஷயம். இதில்தான் குழப்பம் அதிகம். முத்திரை இருந்தால் நாம் கொடுக்கும் விலை விவசாயி கைக்குப் போகிறது என்று நினைப்பது தவறு. ஃபேர்டிரேட் இன்டர்நேஷனல் சொல்வது ஒரு அடிமட்ட விலை, அதாவது இதற்குக் கீழே போகக் கூடாது என்ற வரம்பு. கழுவிப் பதப்படுத்திய அராபிகாவுக்கு (யிர்காசெஃபேயும் அந்த இனம்தான்) 2023 ஆகஸ்ட் முதல் ஒரு பவுண்டுக்கு, அதாவது 454 கிராமுக்கு, 1.80 டாலர், அதற்கு முன் 1.40. இதன் மேல் 20 சென்ட் பிரீமியம். இயற்கை வேளாண்மைச் சான்றும் இருந்தால் இன்னும் 40 சென்ட். இந்த விலை வறுக்காத கொட்டைக்கு, கப்பலேறும் இடத்தில், சங்கத்துக்கோ ஒன்றியத்துக்கோ கிடைப்பது. லாரி வாடகை, பதப்படுத்தும் செலவு, ஒன்றியத்தின் செலவு எல்லாம் இதிலிருந்தே கழிய வேண்டும். பிரீமியத்தை என்ன செய்வது என்று உறுப்பினர்கள் கூடி முடிவெடுப்பார்கள், அதில் 5 சென்ட்டாவது தரத்தையும் விளைச்சலையும் கூட்டச் செலவாக வேண்டும்.

ஒரு கால் கிலோ பாக்கெட்டுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வறுக்கும்போது எடை குறைவதால் 300 கிராம் பச்சைக் கொட்டை தேவை. அதற்கு ஏறக்குறைய 1.8 கிலோ பழம் பறிக்க வேண்டும். அடிமட்ட விலை, பிரீமியம், இயற்கைச் சான்றுத் தொகை மூன்றையும் கூட்டினாலும் அந்த 300 கிராமுக்கு வருவது சுமார் 1.60 டாலர். மீதியெல்லாம் கப்பல், வரி, வறுக்கும் கூலி, பாக்கெட், கடை வாடகை, இலாபம்.

அப்படியானால் முத்திரை வீண் என்று கிளம்புவதும் தப்பு. நியூயார்க் சந்தையில் விலை ஏறினால் அந்த விலையும் பிரீமியமும் கொடுக்க வேண்டும், அடிமட்டம் அப்போது வேலை செய்யாது. 2025 பிப்ரவரியில் பவுண்டு 4 டாலரைத் தாண்டியபோது 1.80 எதற்கு உதவும்? அது உதவுவது விலை விழும்போது. 2001-இல் சந்தை 50 சென்ட்டுக்கும் கீழே போனபோது ஃபேர்டிரேட் விலை பிரீமியத்தோடு 1.26 டாலர். செடியை வெட்டிப் போடுவதா வைத்துக்கொள்வதா என்று குடும்பங்கள் யோசித்த காலம் அது. இன்னொன்று, முத்திரைகள் எல்லாம் ஒன்றல்ல. ஃபேர்டிரேட் இன்டர்நேஷனல் காபியில் சிறு விவசாயிகளின் சங்கங்களுக்கு மட்டுமே சான்று தருகிறது. 2011-இல் அதிலிருந்து பிரிந்த அமெரிக்க அமைப்பு பெரிய எஸ்டேட்டுகளுக்கும் தருகிறது. ‘டைரக்ட் டிரேட்’, அதாவது விவசாயிகளிடம் நேரடியாக வாங்கியது, என்று மட்டும் போட்டிருந்தால் அதைச் சரிபார்க்க மூன்றாவது ஆள் கிடையாது; பச்சைக் கொட்டையை என்ன விலைக்கு எடுத்தீர்கள் என்று வறுப்பவரிடமே கேளுங்கள். விலையை வெளியிடுபவர்கள் இருக்கிறார்கள், மழுப்புபவர்களும் இருக்கிறார்கள்.

இயற்கைச் சான்று இல்லாவிட்டால் மருந்து அடித்தது என்று முடிவுகட்டாதீர்கள். சான்றுக்குப் பணமும் பதிவேடும் வருடாந்திரத் தணிக்கையும் வேண்டும். கெடியோவில் உரம், மருந்து வாங்க வசதியில்லாத குடும்பங்களே ஏராளம். கேட்க வேண்டிய கேள்வி வேறு இடத்தில் இருக்கிறது: கழுவும் நிலையம். ஏராளமாகத் தண்ணீர் குடிக்கும் வேலை அது. தோலும் வழுவழுப்பும் கலந்த கழிவுநீரை அப்படியே ஓடையில் விட்டால், நிழல் மரத்தைக் காட்டிப் பசுமைக் காபி என்று விற்பதில் பொருளில்லை. கழிவுநீர்க் குழி இருக்கிறதா, தோல் உரமாகிறதா என்று சொல்லும் நிறுவனம் அபூர்வம்.

ஆடுகள் காபிப் பழம் தின்று துள்ளியதைப் பார்த்துக் காபியைக் கண்டுபிடித்தான் என்று கால்டி என்ற ஆட்டிடையன் கதையும் பாக்கெட்டில் வரும். படித்து ரசியுங்கள், வரலாறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தக் கதை எழுத்தில் வருவது 1671-இல் ரோமில் அச்சான லத்தீன் நூலில். அதில் கால்டி என்ற பெயரே கிடையாது. காட்டு அராபிகாவின் பெரிய காடுகளும் காஃபா, இலுபாபோர் பக்கம், தென்மேற்கில். யிர்காசெஃபே இருப்பதோ எத்தியோப்பியாவை ஊடறுக்கும் பிளவுப் பள்ளத்தாக்குக்குக் கிழக்கே. ‘ஏர்லூம்’ என்று போட்டால் ஏதோ ஆதிகாலத்து விதை என்று நினைக்கிறோம். 1971-இல் காபிக் காய்களை அழுகவைக்கும் நோய் வந்த பிறகு ஜிம்மா ஆராய்ச்சி நிலையம் 1974-இல் தேர்ந்தெடுத்த 74110, 74112 ரகங்களும் அந்தப் பெயருக்குள்தான் ஒளிந்திருக்கின்றன.

வாங்கிய பிறகு செய்யும் தவறு சிக்கரி. மல்லிகை, எலுமிச்சை வாசனைக்காகக் காசு கொடுத்துவிட்டு, கறுக்க வறுத்துச் சிக்கரியும் பாலும் சேர்த்தால் எந்த ஊர்க் கொட்டையாக இருந்தால் என்ன? இளவறுப்பாக வாங்கி, முதல் முறையாவது பால் இல்லாமல் குடியுங்கள். வறுத்த தேதியோடு அறுவடை வருடத்தையும் பாருங்கள். அங்கே பறிப்பு அக்டோபர் முதல் ஜனவரி வரை. காய்ந்து, பிரித்து, ஜிபூட்டி துறைமுகம் போய்க் கப்பலேற மாதங்களாகும். பிப்ரவரியில் ஒரு கடை ‘புது அறுவடை’ என்று விற்றால், எந்த வருடத்து அறுவடை என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.