விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு இணையம் மந்தமா? இந்த வரிசையில் பாருங்கள்

அப்டேட் முடிந்த மறுநாளே வீடியோ நின்று நின்று ஓடுகிறதா? அப்டேட்டை நீக்கவோ எல்லாவற்றையும் ரீசெட் செய்யவோ அவசரப்படாதீர்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, வேகத்தை அளந்து பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போனால்தான் கோளாறு எங்கே என்று பிடிபடும். கீழே வரும் மெனு பெயர்கள் விண்டோஸ் 11-க்கானவை.

1. முதலில் அளவு

கணினியில் ஒரு ஸ்பீடு டெஸ்ட் எடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் கணினியின் வைஃபையை அணைத்துவிட்டு, அதே இடத்தில், அதே வைஃபையில் போனில் அளந்து பாருங்கள். கணினியின் வைஃபையை ஏன் அணைக்க வேண்டும்? கணினி பின்னணியில் எதையாவது இறக்கிக்கொண்டிருந்தால் போனின் வேகமும் சேர்ந்து குறையும். தவறான முடிவுக்கு வந்துவிடுவோம். போனிலும் மந்தம் என்றால் ரவுட்டரை அணைத்துப் போடுங்கள். அதன் பிறகும் சரியாகவில்லை என்றால் இணைய நிறுவனத்திடம் கேட்க வேண்டியதுதான். போனில் வேகம் நன்றாக இருந்தால் தொடர்ந்து படியுங்கள்.

ஸ்பீடு டெஸ்ட் காட்டுவது மெகாபிட். பிரவுசர் டவுன்லோடில் வருவது பெரும்பாலும் மெகாபைட். 8 மெகாபிட் சேர்ந்ததுதான் 1 மெகாபைட். 100 மெகாபிட் இணைப்பில் 12 மெகாபைட் வந்தால் அது முழு வேகமே.

2. பின்னணியில் யார் இழுக்கிறார்கள்?

கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் 'நெட்வொர்க்' என்ற தலைப்பைச் சொடுக்குங்கள். அதிகம் இழுக்கும் நிரல் மேலே வந்துவிடும். பெரிய அப்டேட்டுக்குப் பிறகு மிச்சமிருக்கும் அப்டேட்டுகள், ஸ்டோர் ஆப்கள், ஒன்டிரைவ் எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்யக்கூடும். அப்படியானால் சில மணி நேரம் விட்டுப் பிடியுங்கள். பலருக்கு இதிலேயே சரியாகிவிடும்.

கூடவே செட்டிங்ஸ், விண்டோஸ் அப்டேட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், டெலிவரி ஆப்டிமைசேஷன் என்று போய், மற்ற கணினிகளோடு அப்டேட்டைப் பகிரும் வசதியை அணைத்துவிடுங்கள்.

3. இணைப்பின் வேகம்

செட்டிங்ஸில் உங்கள் வைஃபையின் 'ப்ராப்பர்ட்டீஸ்' பக்கத்தில் 'நெட்வொர்க் பேண்ட்' என்ன காட்டுகிறது? 2.4 கிகாஹெர்ட்ஸ் என்றால், ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் இருக்கும்பட்சத்தில் அதற்கு மாறிப் பாருங்கள். கேபிள் வைத்திருப்பவர்கள் 'லிங்க் ஸ்பீடு' பார்க்க வேண்டும். 1000 மெகாபிட் (அதாவது 1 கிகாபிட்) காட்ட வேண்டிய இடத்தில் 100 காட்டினால் முதலில் கேபிளைச் சந்தேகப்படுங்கள். கிகாபிட் வேகத்துக்கு உள்ளே இருக்கும் நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும். 100-க்கு இரண்டு ஜோடி போதும். சில கம்பிகள் அறுந்தால் இணைப்பு இருக்கும், வேகம் மட்டும் விழுந்துவிடலாம். பழி அப்டேட் மேல் போகும்.

4. டிரைவர்

என் கணிப்பில் அதிகம் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். அப்டேட்டோடு நெட்வொர்க் கார்டின் டிரைவரும் (கார்டை விண்டோஸோடு சேர்த்து இயக்கும் மென்பொருள்) மாறியிருக்கலாம். டிவைஸ் மேனேஜரில் 'நெட்வொர்க் அடாப்டர்ஸ்' கீழே உங்கள் கார்டை இருமுறை சொடுக்கி, 'டிரைவர்' பகுதியில் 'ரோல் பேக் டிரைவர்' கொடுங்கள். அந்தப் பொத்தான் மங்கலாக இருந்தால் திரும்பிப் போகப் பழைய டிரைவர் இல்லை என்று பொருள். கணினியைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடலுக்கான டிரைவரை எடுத்துப் போடுங்கள். டிவைஸ் மேனேஜரில் அதே கார்டின் ஜன்னலில் 'பவர் மேனேஜ்மென்ட்' பகுதி தென்பட்டால், மின்சாரம் சேமிக்கக் கார்டை அணைக்கும் அனுமதியை எடுத்துவிடுங்கள்.

விபிஎன் வைத்திருந்தால் அதை நிறுத்தியும் ஒருமுறை அளந்து பாருங்கள்.

5. கடைசி வழி

எதுவும் பலிக்கவில்லை என்றால் மட்டும், நெட்வொர்க் அமைப்புகளைத் தொடக்க நிலைக்குக் கொண்டுபோகும் 'நெட்வொர்க் ரீசெட்'. சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகள் போய்விடும், விபிஎன்னையும் மறுபடி அமைக்க வேண்டிவரலாம். முன்கூட்டியே எழுதி வையுங்கள். அதற்கும் மசியாவிட்டால், 'அப்டேட் ஹிஸ்டரி'யில் அந்த அப்டேட்டை நீக்கலாம். பாதுகாப்புத் திருத்தங்களும் அதோடு போய்விடும் என்பதால், சரியான டிரைவர் வந்ததும் அப்டேட்டைத் திரும்பப் போட்டுவிடுங்கள். விண்டோஸின் பதிப்பே மாறிய பெரிய அப்டேட் என்றால், 'ரெக்கவரி' பக்கத்தில் பழைய பதிப்புக்குத் திரும்பும் வழி வழக்கமாக 10 நாள்தான் திறந்திருக்கும்.