டென்மார்க் கரையில் கடல் ட்ரவுட்: இலையுதிர் காலத்தில் நண்பர்களுடன் ஃபிளை தூண்டில் போடும் முறை

கோடை முடிந்து கடல்நீர் குளிரத் தொடங்கியதும், ஆழத்துக்குப் போயிருந்த கடல் ட்ரவுட் மீன்கள் இறாலையும் சிறுமீன்களையும் தேடி முழங்கால் அளவு நீருக்கே வந்துவிடுகின்றன. இறகும் உரோமமும் கட்டிச் செய்த பொய்யிரையை வீசிப் பிடிக்கும் ஃபிளை தூண்டிலுக்கு இது மிக நல்ல பருவம். மூன்று நான்கு பேராகப் போகும்போது நான் முதலில் வலியுறுத்துவது ஒன்றைத்தான்: மீன் கரையோரமாகவே இருக்கக்கூடும் என்பதால், யாரும் எடுத்த எடுப்பில் தண்ணீருக்குள் இறங்கக் கூடாது.

18 வயது முதல் ஓய்வூதிய வயது வரை உள்ள எவருக்கும் டென்மார்க்கில் அரசின் மீன்பிடி உரிமம் தேவை. அதை ஒரு நாளுக்கு மட்டும்கூட வாங்கலாம். ஆறுகளும் ஓடைகளும் கடலில் கலக்கும் இடங்களைச் சுற்றிப் மீன்பிடிப்புக்குக் கட்டுப்பாடுள்ள பாதுகாப்பு வட்டங்கள் இருப்பதால், போகும் இடத்தின் வரைபடத்தை முந்தைய நாளே பார்த்துவிட வேண்டும்.

ஒன்பது அடி நீளமுள்ள 6 அல்லது 7 எண் கோல் (கோலுக்குப் பொருந்தும் கயிற்றின் எடையை அந்த எண் குறிக்கும்), மிதக்கும் கயிறு, அதன் நுனியில் கோலின் நீளத்துக்குச் சற்றுக் கூடுதலான தங்கூசி (ஃபிளையைக் கட்டும் மெல்லிய இழை) ஆகியவை போதும். இறால் போலவும் சிறுமீன் போலவும் கட்டிய ஃபிளைகளில் இரண்டிரண்டு எடுத்துக்கொண்டு, முள்ளின் நுனியருகே பின்னோக்கி நீட்டியிருக்கும் கொக்கியைக் குறட்டால் நசுக்கித் தட்டையாக்கிவிடுங்கள். பக்கக்காற்றில் தடம் மாறும் முள் முகத்தை நோக்கியே வரும் என்பதால், கண்ணாடியும் தொப்பியும் இல்லாமல் ஒருவரும் வீசக் கூடாது.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அடித்தளத்தைப் பாருங்கள். கல்லும் கரும்பாசியும் திட்டுத்திட்டாக இருந்து, நடுநடுவே வெளிறிய மணல் தெரியும் பரப்பே நல்லது. இறால் பாசியில் ஒளிந்திருக்க, மீன் அதன் விளிம்பை ஒட்டியே சுற்றிவரும். கண்ணாடி போல அசைவற்றுக் கிடக்கும் நீரைவிட, மெல்லிய அலையடித்துச் சற்றே கலங்கிய நீரில் மீனின் எச்சரிக்கை குறைகிறது.

கரையில் நண்பர்கள் நாற்பது ஐம்பது மீட்டர் இடைவெளியில் நின்று, எல்லோரும் ஒரே திசையில் நகர வேண்டும். முதல் வீச்சுகள் காய்ந்த தரையில் நின்றபடியே, கரைக்கு இணையாகப் போகட்டும். அதன் பிறகு முழங்கால் ஆழம் வரை இறங்கி, விசிறி விரிவது போல இடமிருந்து வலமாக நான்கைந்து முறை வீசிவிட்டு, சில அடிகள் நகர்ந்து மறுபடி தொடங்குங்கள். முன்னே செல்பவர் ஆழத்தில் நடந்து மீனைக் கலைத்துவிட்டால், பின்னால் வருபவருக்கு எதுவும் மிஞ்சாது. ஆகவே அரைமணிக்கு ஒருமுறை முன்னவரும் பின்னவரும் இடம் மாறிக்கொள்வதே நியாயம். கரையில் நடப்பவர், வீசுபவரின் முதுகுப்புறம் கடக்குமுன் குரல் கொடுத்துவிட வேண்டும்.

கயிற்றை ஒரே சீராக இழுக்காதீர்கள். இரண்டு சிறு இழுப்பு, ஒரு நிறுத்தம், பிறகு ஒரு நீண்ட இழுப்பு என்று மாற்றுங்கள். பின்தொடர்ந்து வரும் மீன் பெரும்பாலும் அந்த நிறுத்தத்தில்தான் கவ்வும். கயிற்றைப் பிடித்த விரலில் வெடுக்கென்ற இழுப்பை உணர்ந்ததும் கோலைத் தூக்கிவிடாமல், இடக்கையால் கயிற்றை அழுத்தமாக இழுங்கள். முள் பதியாவிட்டாலும் ஃபிளை நீரிலேயே இருப்பதால், அதே மீன் திரும்பி வர இடமுண்டு.

பிடித்த மீனின் நிறத்தை உடனே கவனியுங்கள். வெள்ளியாக மின்னும் மீனின் செதில் கையில் எளிதாக உதிரும். செம்பழுப்பாக மாறிய மீனோ முட்டையிட ஆற்றுக்குப் போகும் வழியில் இருப்பது. நவம்பர் 16 முதல் ஜனவரி 15 வரை அதைக் கடலில் பிடித்தாலும் விட்டுவிட வேண்டும் என்பது சட்டம். அந்தத் தேதிக்கு முன்னரே விட்டுவிடுவதுதான் சரி என்று நான் கருதுகிறேன். 40 செ.மீ.க்குக் குறைந்த கடல் ட்ரவுட்டையோ எந்தக் காலத்திலும் விட்டுவிட வேண்டும். கையை நனைத்துக்கொண்டு, மீனைத் தண்ணீரிலிருந்து தூக்காமலேயே முள்ளைக் கழற்றி, வாலைத் தளர்வாகப் பற்றி நிமிர்த்திப் பிடியுங்கள். அது வாலை உதறித் தானாகக் கிளம்பும்வரை கையை எடுக்காதீர்கள்.