போனில் முகம் காட்டித் திறப்பதை நிறுத்துவது எப்படி?

செட்டிங்ஸைத் தொடுவதற்கு முன், போனைத் திறக்கும் ரகசிய எண்ணான 'பின்' (PIN) நினைவில் இருக்கிறதா என்று பாருங்கள். மாதக்கணக்கில் முகத்தைக் காட்டியே திறப்பவர்களுக்கு அது மறந்துபோவது சகஜம். கீழே வரும் மெனுக்கள் எல்லாம் பின்னைக் கேட்டுத்தான் உள்ளே விடும். மறந்திருந்தால் போனை ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். ரீஸ்டார்ட் ஆனதும் முதல்முறை முகமோ கைரேகையோ எடுபடாது, பின் மட்டும்தான். முகத்துக்குத் திறக்கும்போதே போட்டோ, வாட்ஸ்அப், கான்டாக்ட் எல்லாவற்றையும் பேக்கப் எடுத்துவிடுங்கள். பின் தெரியாதவர்களுக்குப் பெரும்பாலும் ஃபேக்டரி ரீசெட்தான் மிச்சம்.

ஆண்ட்ராய்டில் கம்பெனிக்குக் கம்பெனி, வெர்ஷனுக்கு வெர்ஷன் மெனு இடம் மாறும். செட்டிங்ஸின் மேலே உள்ள தேடல் பெட்டியில் 'ஃபேஸ்' என்று ஆங்கிலத்தில் தட்டுவதே குறுக்கு வழி. போன் தமிழில் இருந்தால் 'முகம்' என்று தேடலாம். சாம்சங்கில் 'ஃபேஸ் ரெகக்னிஷன்' வரும். உள்ளே போய் 'ரிமூவ் ஃபேஸ் டேட்டா' கொடுங்கள். பிக்சலில் 'செக்யூரிட்டி & பிரைவசி', 'டிவைஸ் அன்லாக்', 'ஃபேஸ் & ஃபிங்கர்பிரிண்ட் அன்லாக்' என்று போய், முக மாதிரியை டெலீட் செய்ய வேண்டும். ரெட்மி, விவோ, ரியல்மி போன்களில் கைரேகையும் பாஸ்வேர்டும் இருக்கும் பகுதியிலேயே முகமும் இருக்கும்.

சுவிட்சை மட்டும் ஆஃப் செய்தால் போதாதா? வேலை நின்றுவிடும், ஆனால் பதிந்த முகம் போனிலேயே கிடக்கும், பின் தெரிந்த யாரும் மறுபடி ஆன் செய்துகொள்ளலாம். அழித்துவிடுவதே நல்லது. பல ஆண்ட்ராய்டு போன்கள் சாதாரண செல்ஃபி கேமராவால்தான் முகத்தைப் பார்க்கின்றன, ஆழத்தை அளப்பதில்லை. உங்களைப் போன்ற ஒருவரோ உங்கள் படமோகூடத் திறந்துவிடலாம் என்று சாம்சங்கே பதிவின்போது எச்சரிக்கிறது.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: ஸ்கிரீன் லாக்கை 'நன்' (None, பூட்டே இல்லை) என்று மாற்றி முகத்தை நீக்கப் பார்ப்பது. கைரேகைகளும் சேர்ந்து அழியும், பணம் செலுத்தும் ஆப்களும் முரண்டு பிடிக்கும்.

ஐபோனில் 'செட்டிங்ஸ்', 'ஃபேஸ் ஐடி & பாஸ்கோடு' போய் பாஸ்கோடு கொடுங்கள். 'ஐபோன் அன்லாக்' சுவிட்சை ஆஃப் செய்தால் போன் திறப்பது மட்டும் நிற்கும். ஆப் ஸ்டோர், வாலட், பாஸ்வேர்டு நிரப்புவது ஆகியவற்றுக்கு முகம் தொடர்ந்து உதவும். பலருக்கு இந்த அளவே போதும். முழுவதும் வேண்டாம் என்றால் அதே பக்கத்தில் 'ரீசெட் ஃபேஸ் ஐடி'. ஐஓஎஸ் 17.3-இல் வந்த திருட்டுப் பாதுகாப்பு வசதியான 'ஸ்டோலன் டிவைஸ் புரொடக்‌ஷன்' ஆன் ஆகியிருந்தால், வீடு, அலுவலகம் போன்ற பழகிய இடங்களுக்கு வெளியே ரீசெட் ஒரு மணி நேரம் காத்திருக்கச் சொல்லும். கோளாறு என்று நினைக்க வேண்டாம். வீட்டுக்குப் போய்ச் செய்யுங்கள்.

தூங்கும்போது யாராவது திறந்துவிடுவார்களோ என்பதுதான் கவலை என்றால், எல்லாவற்றையும் நீக்க வேண்டியதில்லை. ஐபோனில் 'ரிக்வயர் அட்டென்ஷன்', சாம்சங்கில் 'ரிக்வயர் ஓப்பன் ஐஸ்' (கண் திறந்திருந்தால்தான் போன் திறக்கும்) ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். கொஞ்ச நேரத்துக்கு மட்டும் நிறுத்த, ஐபோனில் பக்கவாட்டுப் பொத்தானையும் ஒரு வால்யூம் பொத்தானையும் சேர்த்துப் பிடியுங்கள். ஸ்லைடர் வந்ததும் கேன்சல் செய்யுங்கள். அடுத்த முறை பாஸ்கோடு கேட்கும். ஆண்ட்ராய்டில் பவர் மெனுவில் உள்ள 'லாக்டவுன்' இதே வேலையைச் செய்யும். அது மெனுவில் இல்லாவிட்டால் செட்டிங்ஸில் தேடி ஆன் செய்ய வேண்டும்.

இனி பின்தான் ஒரே பூட்டு, அல்லது கைரேகையோடு சேர்ந்த பூட்டு. பிறந்த வருடத்தை விட்டுவிட்டு 6 இலக்கத்தில் வையுங்கள்.

சோதிக்கும்போது ரீஸ்டார்ட் செய்து உடனே முகத்தைக் காட்டினால் ஒன்றும் தெரியாது. அப்போது எப்படியும் பின்தான் கேட்கும். ஒருமுறை பின் போட்டுத் திறந்து, மறுபடி பூட்டி, நல்ல வெளிச்சத்தில் முகத்துக்கு நேரே பிடியுங்கள். முகத்தை நீக்கிய பிறகும் ஆண்ட்ராய்டு போன் எதுவும் கேட்காமல் திறந்தால், காரணம் 'எக்ஸ்டெண்ட் அன்லாக்' ஆக இருக்கலாம். பழைய போன்களில் இதன் பெயர் 'ஸ்மார்ட் லாக்'. நம்பிய இடம், புளூடூத் வாட்ச், கையில் இருக்கும் நேரம் ஆகியவற்றை வைத்து அது பூட்டைத் தளர்த்தி வைக்கும். அந்த மூன்றையும் தனித்தனியாக ஆஃப் செய்யுங்கள்.