குழந்தைக்குப் பனிச்சறுக்கு: முதலில் சரிவைத் தேடுங்கள்

குழந்தைக்குப் பனிச்சறுக்கு பழக்க நினைக்கும் பெற்றோர் எல்லாரும் கேட்பது, "எப்படி நிறுத்தக் கற்றுக்கொடுப்பது?" என்றுதான். தானாகவே நின்றுவிடும் இடம் எது என்று தேடுவது அதைவிட முக்கியம். அடிவாரத்தில் சமதளமாக விரியும், அல்லது லேசாக எதிர்மேடு ஏறும் மென்சரிவில் பலகைகள் தாமே ஓய்ந்துவிடும். பயம் இல்லாத குழந்தை உடலை இறுக்கிப் பின்னால் சாயாது.

படி 1: காலணி, பலகை

"அடுத்த ஆண்டுக்கும் ஆகும்" என்று பெரிய பூட்ஸ் வாங்காதீர்கள். குதிகால் உள்ளே தூக்கினால் பலகை சொல்பேச்சு கேட்காது. பூட்ஸுக்குள் இருக்கும் மெத்தை உறையைக் கழற்றிவிட்டு, விரல்கள் முன்பக்கத்தைத் தொட வெறும் ஓட்டில் நிற்கவைத்தால், குதிகாலுக்குப் பின்னே 1 முதல் 2 செ.மீ. இடைவெளி போதும். காலுறை ஒரு ஜோடிதான். பலகை நெஞ்சுக்கும் மோவாய்க்கும் இடைப்பட்ட உயரத்தில் இருக்கட்டும். விழும்போது பூட்ஸை விடுவிக்கும் பிடிப்பானைக் கடைத் தொழில்நுட்பரே அமைக்க வேண்டும்; எடை, பூட்ஸின் அடி நீளம், திறன் எல்லாம் அதில் கணக்கு. தலைக்கவசம் கட்டாயம்.

படி 2: சமதளம்

பூட்ஸோடு மட்டும் நடக்கட்டும். பிறகு ஒரு காலில் மட்டும் பலகை. மறுகாலால் உந்திச் சறுக்கி, கால் மாற்றட்டும். விழுவதையும் எழுவதையும் இங்கேயே விளையாட்டாக்குங்கள். பக்கவாட்டில் அடியெடுத்து மேடேறவும் பழக்குங்கள். கையில் ஊன்றும் கைக்கோல் இப்போது வேண்டாம்.

படி 3: நேராக இறங்குதல்

கைகள் முழங்கால்மேல், முன்கால் எலும்பு பூட்ஸின் முன்பக்க மடலான நாக்கை அழுத்தியபடி. வழியில் ஒரு கையுறையைப் போட்டு எடுக்கச் சொன்னால் உடல் தானே முன்னால் வரும். "முன்னால் சாய்" என்ற அறிவுரை குழந்தையிடம் எடுபடுவதில்லை.

படி 4: ஆப்பு நிலையும் திருப்பமும்

பலகைகளின் முன்முனைகளை நெருக்கி, பின்முனைகளை விரிக்கும் இந்த நிலையைப் பயிற்றுநர்கள் பீட்சாத் துண்டு என்று சொல்லிக்கொடுப்பார்கள். இடக்காலை அழுத்தினால் வலப்பக்கம் திரும்பும். வலக்காலை அழுத்தினால் இடப்பக்கம்.

பயிற்றுநர்களிடையே சண்டை தொடங்குவதும் இங்கேதான். ஆஸ்திரியாவின் ஹானஸ் ஷ்னைடர் வகுத்த ஆர்ல்பெர்க் முறையில் ஆப்பிலிருந்து படிப்படியாக, இரு பலகைகளையும் இணையாக வைத்துத் திரும்பும் இணைத் திருப்பத்துக்குப் போவார்கள். 1960களில் அமெரிக்காவில் கிளிஃப் டெய்லர் பரப்பிய முறையோ மிகக் குட்டையான பலகையில் தொடக்கத்திலேயே இணையாகத் திரும்ப வைத்து, பின்னர் நீளத்தைக் கூட்டியது. ஆப்பு பழகிவிட்டால் விடாது என்பது இன்றும் சிலரது வாதம். என் கருத்தில் குற்றவாளி ஆப்பு அல்ல, அகல ஆப்பு. செங்குத்தான இடத்தில் குழந்தை வேறு வழியின்றிக் கால்களை அகட்டி இறுக்கிக்கொள்கிறது. அதைக் கண்டதும் திருத்தப் போகாதீர்கள், சரிவை மாற்றுங்கள். மென்சரிவில் சிறிய ஆப்பே போதும். திருப்பத்துக்குத் திருப்பம் அது தானே சுருங்கும்.

குழந்தையின் இடுப்பில் கட்டி, பெற்றோர் பின்னாலிருந்து பிடிக்கும் இடுப்புவார் பற்றியும் இதே கதைதான். இறுகப் பிடித்தால் குழந்தை அதில் சாய்ந்து தொங்கும், வேகத்தை நீங்களே ஆள்வீர்கள். தொய்வாக விட்டு, ஆபத்துக்கு மட்டும் பயன்படுத்தினால் குறையில்லை. பெற்றோரின் கால்களுக்கிடையே பிடித்து இறக்குவதை மட்டும் நான் ஏற்கவே மாட்டேன். குழந்தை கற்பது பின்னால் சாய்வதை மட்டுமே.

படி 5: அடுத்த சரிவு, போட்டி

இரு பக்கமும் திரும்பி, சொன்ன இடத்தில் நின்றால்தான் மேலே ஏற்றிச் செல்லும் லிஃப்டும் அடுத்த சரிவும். பந்தயப் பயிற்சிக்கு அவசரம் காட்டும் பெற்றோர் நார்வேயைப் பார்க்கலாம். அங்கே குழந்தைகள் விளையாட்டு விதிகளின்படி, 11 வயது நிறையும் ஆண்டுக்கு முன் முடிவுப் பட்டியலோ தரவரிசையோ கிடையாது. குளிர்கால ஒலிம்பிக்கில் பதக்கங்களை அள்ளும் நாடு அது.

கைக்கோல்களைக் கடைசியாகக் கொடுங்கள்: காலைப் பார்க்காமல் திருப்பங்களைத் தொடர்ந்து இணைக்கத் தொடங்கிய பிறகு.